பாறையைப் படிக்க ஒரு கல்லூரி போதாது: நிலத்தடி நீர் நிபுணர்கள் எப்படி உருவாகிறார்கள்?

2024 மார்ச்சில் பெங்களூருவின் அரசு ஆழ்துளைக் கிணறுகள் ஏறக்குறைய 14,000-இல் 6,900 வறண்டுவிட்டன என்று அரசே சொன்னது. நகரத்துக்கு நாளொன்றுக்கு 260 கோடி லிட்டர் தேவை, காவிரியிலிருந்து 147 கோடி வருகிறது, போர் எனப்படும் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து 65 கோடி, மீதி ஏறக்குறைய 50 கோடி லிட்டர் பற்றாக்குறை என்று முதலமைச்சர் சித்தராமையா கணக்குச் சொன்னார். காவிரிக் குழாய் எட்டாத மகாதேவபுரா, ஒயிட்ஃபீல்டு பக்கத்துக் குடியிருப்புகள் முழுக்க டேங்கரை நம்பி நின்றன.

அன்றிலிருந்து இந்த ஊரில் அல்சூர் முதல் ஓசூர் சாலை வரை தமிழர்கள் கூடிப் பேசும் இடங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. இந்திய அறிவியல் கழகம் இருக்கிற ஊர், மூலைக்கு மூலை பொறியியல் கல்லூரி இருக்கிற ஊர், இங்கே தண்ணீர் நிபுணருக்கா பஞ்சம்? அப்புறம் செய்திகளில் "பல்கலைக்கழக வலையமைப்பு", "திறன் வளர்ப்பு", "ஒருங்கிணைந்த நீர்வள மேலாண்மை" என்றெல்லாம் வருகிறதே, அதெல்லாம் என்ன, நம் வீட்டு மோட்டாருக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

தொடர்பு இருக்கிறது. அது புரிய வேண்டுமானால் முதலில் பாறையைப் பார்க்க வேண்டும்.

நமக்குக் கீழே என்ன இருக்கிறது

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் இருக்கும் ஊர். பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. கீழே இருப்பது கிரானைட்டும், அதன் உறவான நைஸ் என்ற பாறையும். மேலே கொஞ்சம் மண், அதற்கடியில் காலங்காலமாக வெயிலும் மழையும் தின்று மக்கிப்போன பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. கெட்டிப் பாறையில் தண்ணீர் இருப்பது வெடிப்புகளில் மட்டும்தான். ஒரு வெடிப்பு துளையில் மாட்டினால் போரில் தண்ணீர், மாட்டாவிட்டால் வெறும் பாறைத்தூள் புகை. பத்தடி தள்ளிப் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று புலம்புகிறவர்கள் பொய் சொல்லவில்லை, கடினப்பாறைப் பகுதியில் அப்படித்தான் நடக்கும்.

மேலே போவதற்கு முன் நான்கு சொற்களைத் தெரிந்துகொள்வோம்.

1. நீர்த்தாங்கி: தண்ணீரைத் தேக்கி வைத்து, கிணற்றுக்கு விட்டுக்கொடுக்கவும் கூடிய மண் அல்லது பாறை அடுக்கு. பூமிக்கடியில் ஏரி மாதிரி ஒன்று இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, நனைந்த பஞ்சையோ, கீறல் விழுந்த செங்கல்லையோ நினைத்துக்கொள்ளுங்கள்.

2. நீர்மட்டம்: கிணற்றில் தண்ணீர் நிற்கும் ஆழம். மழைக்கு முன்னும் பின்னும் மாறும்.

3. நீர் ஈவு: நீர்மட்டம் இறங்கும்போது அந்த அடுக்கு எத்தனை சதவீதத் தண்ணீரை விட்டுக்கொடுக்கிறது என்ற அளவு.

4. செறிவூட்டல்: மழைநீரோ ஏரிநீரோ இறங்கி நீர்த்தாங்கியை மறுபடி நிரப்புவது.

மூன்றாவது சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. நிலத்தடி நீரைக் கணக்கிட இந்திய அரசின் மதிப்பீட்டுக் குழு வகுத்த வழிகாட்டு அளவுகளில் மணல் பாங்கான ஆற்றுப் படுகைக்கு நீர் ஈவு 16 சதவீதம், களிமண் குறைந்த மக்கிய கிரானைட்டுக்கு 3, வெடிப்பு அதிகம் இல்லாத கெட்டிப் பாறைக்கு 0.3 சதவீதம். இதை லிட்டரில் பார்க்கலாம். ஒரு ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். அதன் கீழே நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், கங்கைச் சமவெளி மணலில் ஆறரை லட்சம் லிட்டர் கிடைத்திருக்கும். மக்கிய கிரானைட்டில் 1.2 லட்சம். கெட்டிப் பாறையில் 12,000 லிட்டர், அதாவது ஒரே ஒரு பெரிய டேங்கர் லாரி. ஒரு ஏக்கர் நிலத்தடியை ஒரு மீட்டர் வறட்சியாக்கி நாம் எடுப்பது ஒரு டேங்கர் தண்ணீர்.

இன்னொரு கணக்கு. பெங்களூருவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 970 மில்லிமீட்டர் மழை. ஒரு ஏக்கரில் விழுவது 39 லட்சம் லிட்டர். மக்கிய கிரானைட்டில் களிமண்ணின் அளவைப் பொறுத்து இதில் 8 முதல் 11 சதவீதம் தானாக உள்ளே இறங்கும் என்று அதே வழிகாட்டு அளவுகள் சொல்கின்றன, அதாவது மூன்று முதல் நான்கேகால் லட்சம் லிட்டர். அந்த ஏக்கரில் 60 வீடுகள், வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் ஒரு நாள் செலவு 32,400 லிட்டர். வருஷம் முழுக்க இறங்கிய தண்ணீர் பத்துப் பதிமூன்று நாளில் தீர்ந்துவிடும். அதுவும் அந்த ஏக்கர் திறந்த மண்ணாக இருந்தால். சிமென்ட் போட்டு மூடியிருந்தால் அதுகூட இல்லை. மீதி நாட்களுக்கு அந்தக் கட்டடம் குடிப்பது பக்கத்து நிலத்தின் தண்ணீரையும், முந்தைய தலைமுறைகளின் மழையையும்.

"இன்னும் ஆழமாகப் போடலாம்" என்பது இங்கே எல்லோரும் முதலில் சொல்லும் தீர்வு. ஆழம் கூடக்கூட மேலிருக்கும் பாறையின் எடை வெடிப்புகளை அழுத்தி மூடிக்கொண்டே போகும், எண்ணிக்கையும் குறையும். ஆயிரம் அடிக்குக் கீழே கிடைக்கும் தண்ணீர் மெதுவாக, மிக மெதுவாக நிரம்பும் தண்ணீர்.

ஒரு ஆறு ஏன் வற்றியது: ஐந்து பாடம் கேட்கும் ஒரு கேள்வி

சரி, இதற்கு ஒரு நிலவியலாளர் போதாதா? போதாது என்பதற்கு நல்ல உதாரணம் பெங்களூருவுக்கு மேற்கே ஓடிய அர்க்காவதி ஆறு. அதன் குறுக்கே 1930-களில் கட்டிய திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம்தான் ஒரு காலத்தில் நகரத்துக்கே தண்ணீர் கொடுத்தது. பிறகு வரத்து குறைந்து, ஆறே காய்ந்தது. மழை குறைந்ததுதான் காரணம் என்று பலரும் நம்பினார்கள்.

பெங்களூருவைச் சேர்ந்த ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தினரும் அவர்களோடு சேர்ந்த வெளிநாட்டு ஆய்வாளர்களும் இதை வேறுவிதமாக அணுகி 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். மழை குறைந்ததா, வெப்பம் கூடி ஆவியாதல் அதிகமானதா, நிலத்தடி நீரை உறிஞ்சியதா, தைல மரங்கள் பெருகியதா, சின்னச் சின்னத் தடுப்புகளா என்று சாத்தியமான காரணங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். மழைக் கணக்கு பெரிதாக மாறவே இல்லை. நிலத்தடி நீர் உறிஞ்சுதலும் தைல மரத் தோப்புகளும்தான் முக்கியக் காரணமாக நின்றன. நீர்மட்டம் ஆற்றின் அடிமட்டத்தை விட்டுக் கீழே போய்விட்டால் மழை முடிந்த பின் ஆற்றுக்கு ஊற்று கிடையாது, பெய்கிற மழையையும் காய்ந்த மண் குடித்துவிடும்.

இந்த ஆய்வில் நிலவியல் மட்டும் தெரிந்தவர் தைல மரத்தைத் தவறவிட்டிருப்பார். நீரியல் மட்டும் தெரிந்தவர் மழையிலேயே நின்றிருப்பார். விவசாயி ஏன் ராகியை விட்டுத் தைல மரத்துக்குப் போனார் என்பது பொருளாதாரம்.

நிபுணர் என்று சொல்ல என்னவெல்லாம் தெரிய வேண்டும்

1. பாறை. எந்தப் பாறை எப்படி மக்கும், வெடிப்பு எந்தத் திசையில் ஓடும், எந்த இடத்தில் கருங்கல் சுவர் மாதிரி குறுக்கே நின்று தண்ணீரைத் தடுக்கும் என்று களத்தில் நடந்து பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். படத்தைப் பார்த்து வராது, பாறைமேல் நின்றால்தான் வரும்.

2. கணக்கு. 1856-இல் ஃபிரான்ஸின் தீஜோன் நகரத்துக்குக் குடிநீர் ஏற்பாடு செய்த ஆன்ரி தார்சி என்ற பொறியாளர் மணல் நிரப்பிய குழாயில் தண்ணீரை விட்டு அளந்து, தண்ணீர் எவ்வளவு வேகமாக ஊடுருவும் என்பதற்கு ஒரு விதியைக் கண்டுபிடித்தார். 1935-இல் அமெரிக்காவின் தைஸ், ஒரு கிணற்றில் மோட்டார் ஓடும்போது சுற்றியுள்ள நீர்மட்டம் நேரத்தோடு எப்படி இறங்கும் என்பதைச் சூத்திரமாக்கினார். இன்றைக்கும் பம்ப் சோதனை என்று செய்வது இதன்மேல்தான்: மோட்டாரை மணிக்கணக்கில் ஓட்டி, பக்கத்துக் கிணறுகளில் மட்டம் எப்படி இறங்குகிறது, நிறுத்தியபின் எப்படி ஏறுகிறது என்று குறித்துக்கொண்டே இருப்பது. இதில் ஒரு சிக்கல் உண்டு, இங்குதான் பயிற்சியின் தரம் தெரியும். தார்சியும் தைஸும் மனதில் வைத்தது எங்கும் ஒரே சீராக இருக்கும் மணல் மாதிரி அடுக்கை. நம் பாறை சீராக இருக்காது. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் பெங்களூருவில் வந்து சோதனை செய்தால், ஒரு வெடிப்பு கொடுத்த தண்ணீரை முழுப் பாறையின் குணம் என்று எழுதிவிடுவார். அந்த எண்ணை நம்பி அடுக்குமாடிக்கு அனுமதி கொடுத்தால் மூன்றாவது கோடையில் போர் நின்றுவிடும்.

3. புவி இயற்பியல். நிலத்தில் கம்பிகளை நட்டு மின்சாரம் செலுத்தி, எவ்வளவு தடை இருக்கிறது என்று அளப்பார்கள். ஈரமான வெடிப்பில் தடை குறைவு, கெட்டிப் பாறையில் அதிகம். ஆனால் களிமண்ணிலும் தடை குறைவுதான். இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் படிப்பு. தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை இன்றும் பலர் கூப்பிடுகிறார்கள், ஏனென்றால் கருவியோடு வருபவர்களில் நன்றாகப் படித்தவர்கள் குறைவு, அவர்கள் சொன்னதும் பலமுறை பொய்த்திருக்கிறது. நல்ல நிபுணர் கிடைக்காத இடத்தில் மக்கள் நம்பிக்கையின் பக்கம் போவதைக் குறை சொல்ல முடியாது.

4. வேதியியல். கோலார், சிக்கபள்ளாப்பூர், எல்லை தாண்டி கிருஷ்ணகிரி, தருமபுரி எல்லாம் ஃபுளோரைடு பிரச்சினை உள்ள பகுதிகள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காகத்தான் வந்தது. நகருக்குள் சாக்கடை கசிந்து வரும் நைட்ரேட் வேறு.

5. சட்டமும் மனிதர்களும். நம் நிலத்தின் கீழிருக்கும் தண்ணீர் நமக்கே என்ற எண்ணம் 1882-ஆம் ஆண்டு அனுபோக உரிமைச் சட்டத்தில் வேர் கொண்டது. கர்நாடகம் 2011-இல் நிலத்தடி நீருக்குத் தனிச் சட்டம் போட்டு, போர் போடும் ரிக் வண்டிகளையும் பதிவு செய்யச் சொன்னது. விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரம் கர்நாடகத்திலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. அதை நிறுத்து என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது, ஒரு சிறு விவசாயியின் சாப்பாடு அதில் இருக்கிறது. இந்தியாவில் எடுக்கப்படும் நிலத்தடி நீரில் ஏறக்குறைய 87 சதவீதம் பாசனத்துக்குத்தான் போகிறது என்பதால், விவசாயியோடு உட்கார்ந்து பேசத் தெரியாதவர் இந்தத் துறையில் எதையும் மாற்ற முடியாது.

இந்த ஐந்தையும் ஒரே துறையில் வைத்திருக்கும் கல்லூரி எது? நிலவியல் துறை அறிவியல் கல்லூரியில், கணக்கும் பம்பும் சிவில் துறையில், சட்டம் சட்டக் கல்லூரியில், விவசாயம் வேளாண் பல்கலைக்கழகத்தில். ஒரே நகரத்துக்குள் இவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை.

வலையமைப்பு என்றால் நடைமுறையில் என்ன

இதற்குத்தான் பல்கலைக்கழகங்கள் கூட்டுச் சேர்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கு வலுவான பாடத்தைக் கொடுக்கும், மாணவர் நகர்ந்து நகர்ந்து படிப்பார், களமும் அளவீடுகளும் பொதுவாக இருக்கும்.

முன்னோடி என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு. 1953-இல் பெருவெள்ளத்தில் அடிபட்ட நெதர்லாந்து, அதிலிருந்து கற்றதைப் பிற நாட்டுப் பொறியாளர்களுக்குச் சொல்லித்தர 1957-இல் டெல்ஃப்ட் நகரில் ஒரு சர்வதேசப் பயிற்சியைத் தொடங்கியது. அது பின்னாளில் யுனெஸ்கோவோடு சேர்ந்து ஐஎச்இ டெல்ஃப்ட் என்ற தண்ணீர்க் கல்வி நிறுவனமாக வளர்ந்தது. அதற்கும் இரண்டு ஆண்டு முன்பே, 1955-இல், நம் ரூர்க்கி பல்கலைக்கழகத்தில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் பொறியாளர்களுக்காக நீர்வள மேம்பாட்டுப் பயிற்சி மையம் ஒன்று தொடங்கியிருந்தது. 1972-இல் அங்கேயே யுனெஸ்கோ துணையோடு சர்வதேச நீரியல் படிப்பும் வந்தது. இன்றைக்கு அது ஐஐடி ரூர்க்கி. தண்ணீர் படிக்க வெளிநாடு போக வேண்டும் என்று நினைக்கும் நாம், வெளிநாட்டிலிருந்து இங்கே வந்து படித்தவர்களை மறந்துவிட்டோம்.

உண்மையான வலை என்று எனக்குத் தோன்றுவது தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியின் வாட்டர்நெட். 2000-இல் உருவானது. ஒருங்கிணைந்த நீர்வள மேலாண்மையில், அதாவது ஆறு, நிலத்தடி நீர், விவசாயம், நகரம் எல்லாவற்றையும் சேர்த்தே திட்டமிடுவதில், ஒரு பொது முதுகலைப் படிப்பு: அடிப்படைப் பாடங்களை ஜிம்பாப்வே பல்கலைக்கழகத்திலோ தான்சானியாவின் தாருஸ்ஸலாம் பல்கலைக்கழகத்திலோ முடித்துவிட்டு, சிறப்புப் பாடத்துக்கு அது வலுவாக இருக்கும் வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாணவர் போகிறார். இதன் பலன் பாடத்தோடு நிற்கவில்லை. அந்தப் பகுதியில் ஆறுகள் நாடுகளைத் தாண்டி ஓடுகின்றன. ஒரே வகுப்பில் படித்த இரண்டு பேர் நாளைக்கு ஆற்றின் மேல்நாட்டிலும் கீழ்நாட்டிலும் அதிகாரிகளாக உட்கார்ந்தால், ஒருவருக்கொருவர் போன் போட முடியும். காவிரிக்கு மேலும் கீழும் வாழும் நமக்கு இதன் மதிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் நிலத்தடி நீருக்கென்றே லிஸ்பன், டெல்ஃப்ட், டிரெஸ்டன் மூன்றும் சேர்ந்து நடத்தும் முதுகலைப் படிப்பு ஒன்று உண்டு. மூன்று நாட்டில் மாறி மாறிப் படிக்க வேண்டும்.

தெற்காசியாவில் இப்படி ஒரு முயற்சி நடந்தது, அதில் தமிழ்நாடும் இருந்தது. ஹைதராபாத்தை மையமாகக் கொண்ட சாகிவாட்டர்ஸ் என்ற அமைப்பு 2000-களின் நடுவில், நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு கல்வித் திட்டத்தை நடத்தியது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம், டாக்கா பொறியியல் பல்கலைக்கழகம், நேபாளப் பொறியியல் கல்லூரி, இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகம் ஆகியவை கூட்டாளிகள். பொறியாளர்களுக்கு மட்டும் என்றிருந்த தண்ணீர்ப் படிப்புக்குள் சமூகவியலும், பெண்களுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவும் பாடமாக வந்தன. பெண்கள் படிக்க உதவித்தொகையும் தரப்பட்டது. அதிகாலை மூன்று மணிக்கு குடத்தோடு வரிசையில் நிற்பவர் யார் என்பதைப் பாடமாக வைத்தது சின்ன விஷயமே இல்லை.

எங்கே அறுகிறது

1. பணம். இத்தகைய கூட்டு முயற்சிகள் பெரும்பாலும் திட்ட நிதியில் ஓடுபவை. நிதிக்காலம் முடிந்ததும் மாணவர் நகர்வதும் ஆசிரியர் வந்துபோவதும் நிற்கின்றன. பாடத்திட்டம் மட்டும் மிஞ்சும். பல்கலைக்கழகம் தன் சொந்த வரவுசெலவில் இதை ஏற்காதவரை எந்த வலையும் நிலைக்காது.

2. வேலை. மத்தியில் நிலத்தடி நீரைப் பார்ப்பது 1970-இல் உருவான மத்திய நிலத்தடி நீர் வாரியம், ஆற்று நீரைப் பார்ப்பது மத்திய நீர் ஆணையம். இரண்டும் தனித்தனி. மிஹிர் ஷா தலைமையிலான குழு 2016-இல் இரண்டையும் இணைத்து ஒரே தேசிய ஆணையமாக்கி, சமூக அறிவியல், சூழலியல், பொருளாதாரம் படித்தவர்களையும் எடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இணைப்பு நடக்கவில்லை. நகரக் குடிநீர் வாரியங்களும் மாநகராட்சிகளும் ஆள் எடுக்கும்போது பெரும்பாலும் சிவில் பட்டம்தான் கேட்கின்றன. பல துறை படித்து வந்த மாணவருக்கு விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை. என் பார்வையில் வலையமைப்புகள் தோற்பதற்கு முதல் காரணம் இதுதான்: கற்றுக்கொடுத்தவர்கள் சரியாகத்தான் கற்றுக்கொடுத்தார்கள், எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள் கதவைத் திறக்கவில்லை.

3. களம். வகுப்பறையைப் பகிரலாம், பாறையைப் பகிர முடியாது. டெல்ஃப்ட்டில் படித்துவிட்டு வந்தவர் இங்கே வந்து மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். அதனால் நீண்டகால அளவீட்டுக் களங்கள் வேண்டும். இதில் பெங்களூருவுக்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. இந்திய அறிவியல் கழகமும் ஃபிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து கபினிப் படுகையில் களங்கள் வைத்திருக்கின்றன: 2003 முதல் பந்திப்பூர் காட்டுக்குள் மூலேஹொளே, பிறகு குண்டலுபேட்டை பக்கம் விவசாயக் கிராமங்கள் நிறைந்த பேரம்பாடி. ஒரே மாதிரிப் பாறை, ஒன்றில் காடு, ஒன்றில் மோட்டார். கிணறு கிணறாக வருடக்கணக்கில் அளந்ததால், உறிஞ்சுவது என்ன செய்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. கடினப்பாறையைக் கற்க இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு கடினப்பாறை. இந்த மாதிரிக் களங்கள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் வேண்டும்.

4. கீழ்மட்டம். எல்லா நிபுணர்களும் முதுகலைப் பட்டதாரிகளாக இருக்க முடியாது, வேண்டியதும் இல்லை. புனேயின் அக்வாடம் நிறுவனம் 1998 முதல் தொண்டு நிறுவன ஊழியர்களுக்கும் கிராமத்தவர்களுக்கும் நீர்த்தாங்கியைப் புரியவைக்கும் பயிற்சி தருகிறது. பிரிக்கப்படாத ஆந்திராவில் ஏழு வறட்சி மாவட்டங்களில் விவசாயிகளே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து, அடுத்த பருவத்துக்கு என்ன பயிர் வைக்கலாம் என்று ஊர்கூடி நீர் வரவுசெலவு போட்ட திட்டம் ஒன்று நடந்தது. யாரும் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை, கணக்கைப் பார்த்ததும் பலர் தாங்களாகவே குறைந்த நீர்ப் பயிருக்கு மாறினார்கள். 2019-இல் 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கிய அடல் பூஜல் திட்டம் கர்நாடகம் உட்பட ஏழு மாநிலங்களில் இந்த வழியைத்தான் பின்பற்றியது.

பெங்களூருவுக்கு இதனால் என்ன

முதலில் ரிக். இந்த ஊரில் போர் போடும் லாரிகளில் திருச்செங்கோட்டு ஆட்கள் நிறையப் பேரைப் பார்க்கலாம். அவர்கள் துளைக்கும்போது வெளியே வரும் தூளின் நிறம் எந்த அடியில் மாறியது, எந்த அடியில் ஈரம் தட்டியது, மேல்மண் சரியாமல் தடுக்கும் கேசிங் குழாய் எத்தனை அடி இறங்கியது, எத்தனை இஞ்சு தண்ணீர் வந்தது என்பதெல்லாம் அவர்கள் வாயில் இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகம் பல லட்சம் செலவழித்துத் துளைத்துத்தான் அறியக்கூடிய தகவல் அது. பில்லில் மொத்த அடியும் தொகையும் மட்டும் இருக்கும், மீதி அன்றைக்கே தொலைந்துவிடும். 2024 மார்ச்சிலிருந்து பெங்களூருவில் குடிநீர் வாரிய அனுமதி இல்லாமல் போர் போடக்கூடாது என்ற விதி வந்தது. அனுமதியோடு அடிவாரியாகப் பாறைக் குறிப்பைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து, ரிக் ஓட்டுநர்களுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால், சில ஆண்டுகளில் நகரத்தின் பாறைப் படமே கையில் வந்துவிடும். செயற்கைக்கோள் இதைத் தராது. பூமியின் ஈர்ப்பை அளந்து நிலத்தடி நீர் இழப்பைச் சொல்லும் கிரேஸ் செயற்கைக்கோள்கள் வடமேற்கு இந்தியா 2002 முதல் 2008 வரை 109 கன கிலோமீட்டர் நீரை இழந்ததைக் காட்டின, அவ்வளவு பெரிய பரப்புக்குத்தான் அது கண். ஒரு வார்டுக்கு அதனால் பதில் சொல்ல முடியாது.

அடுத்தது கழிவுநீர். கோரமங்களா, சல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்ட ஏரிகளில் நிரப்பும் திட்டம் 2018-இல் தொடங்கியது. தங்கவயல் தமிழர்களுக்குத் தெரிந்த மண் அது. கிணறுகளில் மட்டம் ஏறியதைப் பலரும் பார்த்தார்கள். அதே சமயம் அந்தத் தண்ணீர் ஏரியிலிருந்து இறங்கி நீர்த்தாங்கிக்குப் போய்க் குடிநீர்க் கிணற்றுக்கு வரும்போது அதில் என்ன இருக்கிறது என்பதைத் தொடர்ந்து பார்க்க வேதியியலும் நுண்ணுயிரியலும் நிலவியலும் சேர்ந்த குழு வேண்டும். ஒருமுறை பாறை வெடிப்புக்குள் போன மாசை வெளியே எடுப்பது மிகக் கடினம். இதே நகரத்தின் கழிவுநீர் பெல்லந்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் கலந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குவதை நாம் படங்களில் பார்த்திருக்கிறோம். ஒரு நிலத்தடி நீர் நிபுணருக்கு மாநில எல்லை கோடாகத் தெரியக் கூடாது. அண்ணா பல்கலைக்கழகமும் பெங்களூருவின் நிறுவனங்களும் தென்பெண்ணைப் படுகைக்கென்று மாணவர்களைக் கலந்து அனுப்பும் ஒரு பொதுப் படிப்பை ஏன் தொடங்கக் கூடாது? வாட்டர்நெட் நாடுகளுக்கிடையே செய்ததை இரண்டு பக்கத்து மாநிலங்கள் செய்யலாம்.

காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் வந்துவிட்டதே, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர், இனி போர் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. 2007-இல் நகரோடு சேர்ந்த 110 கிராமங்களுக்கான தண்ணீர் அது, அது வரவேண்டியதுதான். ஆனால் மழை பொய்க்கும் ஆண்டில் காவிரியும் குறையும், போரும் குறையும். குழாய்த் தண்ணீர் வருகிற ஆண்டுகளில் போருக்கு ஓய்வு கொடுத்து நீர்த்தாங்கியை நிரப்பி வைப்பது எப்படி என்று திட்டமிட ஆள் வேண்டும். அதற்குத்தான் இந்தப் படிப்பு.

படிக்க நினைப்பவர்களுக்கு

1. நிலவியலில் இளங்கலை, பிறகு நிலவியல் அல்லது நீர்நிலவியல் முதுகலை: இது மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கு நேர் வழி. யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வில் நீர்நிலவியல் விஞ்ஞானி பணியிடங்களும் சேர்ந்தே வரும்.

2. சிவில் அல்லது வேளாண் பொறியியல் படித்தவர்கள் கேட் தேர்வு எழுதி ஐஐடி ரூர்க்கியின் நீரியல் துறை, இந்திய அறிவியல் கழகம், அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையம் போன்ற இடங்களுக்குப் போகலாம். சேருவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: இரண்டு ஆண்டில் எத்தனை நாள் களத்தில்? பதில் தெளிவாக வராத இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

3. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு ராய்ப்பூரில் நிலத்தடி நீர் வாரியத்தின் ராஜீவ் காந்தி பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

4. செலவில்லாமல் தொடங்க வேண்டுமானால் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி ஆசிரியர்களின் நிலத்தடி நீர் வகுப்புகள் கிடைக்கின்றன. கூடவே உங்கள் குடியிருப்பின் போரில் நீர்மட்டத்தை அளக்கத் தொடங்குங்கள். மோட்டாரை இரவு முழுக்க நிறுத்தி, காலையில் ஓட்டுவதற்கு முன் அளவுநாடாவை இறக்கிப் பாருங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை, ஜனவரி, மழைக்கு முந்தைய கோடை, ஆகஸ்ட், நவம்பர் என்று அளக்கிறது. நீங்களும் அதே மாதங்களில் அளந்தால் உங்கள் எண்ணை அவர்கள் எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.